அலுவலகக் கணினியில் விபிஎன்னும் வலை ப்ராக்ஸியும்: இராமநாதபுரம் கடற்கரையில் பணிபுரிவோர் கேட்கும் கேள்விகள்

மண்டபத்திலும் பாம்பனிலும் உள்ள இறால், நண்டு ஏற்றுமதி அலுவலகங்களிலும், இராமேசுவரத்துத் தங்கும் விடுதிகளிலும், கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி ஆகிய ஊர்களில் வீட்டிலிருந்தபடியே சென்னை நிறுவனத்துக்கோ வளைகுடா நிறுவனத்துக்கோ கணக்கு பார்க்கும் இடங்களிலும் நிறுவனம் கொடுத்த மடிக்கணினிகள் இன்று சாதாரணமாகிவிட்டன. அவற்றில் பெரும்பாலானவற்றில் ஒரு விபிஎன் கிளையண்டும் (வெளியிலிருந்து நிறுவனத்தின் உள்வலையோடு மறையாக்கத்துடன் இணைக்கும் மென்பொருள்) இருக்கிறது, வலை ப்ராக்ஸிக்கான அமைப்பும் இருக்கிறது. இரண்டும் தனித்தனியே ஒழுங்காக இயங்கும். சேரும்போதுதான் சிக்கல் பிறக்கிறது. தரவு எந்த வழியே போக வேண்டும் என்பதை இரண்டுமே தீர்மானிக்கின்றன, ஆனால் ஒன்றின் தீர்மானம் மற்றதற்குத் தெரிவதில்லை என்பதே அதற்குக் காரணம். இந்தப் பக்கத்தில் உள்ள பதில்கள் பெரும்பாலும் விண்டோஸ் கணினியை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை.

விபிஎன்னும் ப்ராக்ஸியும் ஒரே வேலையைத்தானே செய்கின்றன? ஒரு கணினிக்கு இரண்டும் எதற்கு?

ஒரே வேலை அல்ல. வலை ப்ராக்ஸி என்பது உலாவிக்கும் இணையத்துக்கும் நடுவே நிற்கும் ஒரு சர்வர். உலாவி ஒரு தளத்தை நேரே தேடிப் போகாமல், அந்தத் தளத்தை எடுத்துத் தருமாறு ப்ராக்ஸியிடம் கேட்கிறது. அவ்வாறு கேட்கத் தெரிந்த மென்பொருளுக்கு மட்டுமே ப்ராக்ஸி பயன்படும். ப்ராக்ஸி இருப்பதையே அறியாத மென்பொருள் நேரே வெளியேற முயலும். அலுவலக ஃபயர்வால் அதைத் தடுத்துவிடும்.

விபிஎன் கிளையண்ட் அதற்கும் கீழே, இயங்குதளத்தின் மட்டத்தில் வேலை செய்கிறது. கணினியில் ஒரு மெய்நிகர் வலை அட்டையை உருவாக்கி, வழித்தட அட்டவணையில் புதிய வரிகளைச் சேர்த்து, குறிப்பிட்ட முகவரிகளுக்குப் போகும் பொதிகளை (தரவுத் துண்டுகளை) எந்த மென்பொருள் அனுப்பினாலும் சரி, அவற்றை மறையாக்கம் செய்து நிறுவனத்தின் நுழைவாயில் சர்வரான கேட்வேக்கு அனுப்பிவிடுகிறது. இந்த மறையாக்கப்பட்ட வழியையே சுரங்கம் என்கிறோம். பணியாளர்கள் எந்தத் தளங்களுக்குச் செல்கிறார்கள் என்பதைக் கட்டுப்படுத்தவும், நச்சுநிரல்களை வாசலிலேயே நிறுத்தவும், பதிவேடு வைக்கவும் நிறுவனத்துக்கு ப்ராக்ஸி தேவைப்படுகிறது. வெளியூரில் இருக்கும் பணியாளர் உள் சர்வர்களை அடைவதற்கு விபிஎன் தேவைப்படுகிறது. இரண்டு தேவைகளும் உண்மையானவை; ஒன்றை வைத்து மற்றதை நீக்கிவிட முடியாது.

இரண்டும் இருக்கும்போது எது முதலில் செயல்படுகிறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். விபிஎன் அமர்வை மூன்று கட்டங்களாகப் பிரித்துப் பார்த்தால் ஏறக்குறைய எல்லாப் பழுதுகளும் தமக்குரிய இடத்தில் போய் அமர்ந்துவிடும்.

முதற்கட்டம், சுரங்கம் எழுவதற்கு முந்தையது. கிளையண்ட் கேட்வேயைத் தேடிச் செல்கிறது. இப்போது கணினி இருக்கும் இடத்தின் வலைப்பின்னலே அதிகாரம் உடையது. அந்த இடத்தில் ப்ராக்ஸி வழியாக மட்டுமே வெளியேற முடியும் என்றால், கிளையண்டும் அந்த ப்ராக்ஸியிடம்தான் கேட்க வேண்டும். வீட்டில் ப்ராக்ஸி இல்லை என்றால், நிறுவன ப்ராக்ஸியின் முகவரியைக் கிளையண்ட் நாடவே கூடாது; ஏனெனில் அந்த ப்ராக்ஸி சுரங்கத்தின் மறுமுனையில் இருக்கிறது, சுரங்கமோ இன்னும் எழவில்லை.

இரண்டாம் கட்டத்தில் சுரங்கம் எழுந்து நிற்கிறது. இப்போது உலாவி எந்த ப்ராக்ஸியைக் கேட்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் கேட்வே சொல்கிறது. பல கிளையண்டுகள் இணைந்தவுடன் நிறுவனத்தின் ப்ராக்ஸி அமைப்பைக் கணினியில் எழுதிவிட்டு, பழைய அமைப்பைத் தனியே எடுத்து வைத்துக்கொள்கின்றன. விண்டோஸுடன் வரும் விபிஎன்னில் இது வேறு விதமாக நடக்கிறது: ஒவ்வொரு விபிஎன் இணைப்புக்கும் தனி ப்ராக்ஸி அமைப்பு உண்டு, இணைப்பு நிலைத்திருக்கும் வரையில் உள்வலைக்கு எழுதிய ப்ராக்ஸி அமைப்பு பொருட்படுத்தப்படுவதில்லை. ‘ப்ராக்ஸியைச் சரியாகத்தான் எழுதினேன், விபிஎன் போட்டதும் மறைந்துவிடுகிறது’ என்று சொல்வோரின் குழப்பம் இதிலிருந்து வருவது. இன்டர்நெட் ஆப்ஷன்ஸ் சாளரத்தின் கனெக்ஷன்ஸ் பக்கத்தில் அந்த விபிஎன்னின் பெயரைத் தேர்ந்து அதற்கென அமைப்பு எழுத வேண்டும்.

மூன்றாம் கட்டம் சுரங்கம் இறங்கிய பின்னுள்ளது. எடுத்து வைத்த பழைய அமைப்பைக் கிளையண்ட் திரும்ப எழுதிவிட வேண்டும். எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதைக் கீழே தனிக் கேள்வியில் காணலாம்.

எங்கள் ஏற்றுமதி அலுவலகத்தில் ப்ராக்ஸி வழியாக மட்டுமே இணையம் உண்டு. தர ஆய்வுக்கு வந்திருக்கும் வாங்குநரின் பணியாளர் தம் நிறுவன விபிஎன்னுக்கு இங்கிருந்து இணைய முடியுமா?

அவருடைய விபிஎன் எந்த நெறிமுறையில் இயங்குகிறது என்பதைப் பொறுத்தது. ப்ராக்ஸி வழியே விபிஎன் போவதற்குக் கைகொடுப்பது எச்டிடிபி நெறிமுறையில் உள்ள கனெக்ட் என்னும் கோரிக்கை. ‘இன்ன பெயருள்ள சர்வரின் இன்ன போர்ட்டுக்கு ஒரு டிசிபி இணைப்பைத் திறந்து கொடு, அதன் பிறகு இரு பக்கமும் வரும் பைட்டுகளை அப்படியே கடத்து’ என்பதே அதன் பொருள். போர்ட் என்பது சர்வரில் ஒவ்வொரு சேவைக்கும் உரிய வாசல் எண். டிசிபி, பொதி போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்துகொண்டு அனுப்பும் முறை; யூடிபி, அந்த உறுதியைக் கேட்காமல் அனுப்பும் முறை. ப்ராக்ஸி ஒப்புக்கொண்டால் 200 என்ற எண்ணுடன் பதில் வரும். அதற்குப் பின் உள்ளே போவதை அது படிப்பதில்லை.

ஆக, டிசிபியில் ஓடும் விபிஎன் மட்டுமே இந்த வழியே போகும். டிஎல்எஸ் (பாதுகாப்பான வலைத்தளங்கள் பயன்படுத்தும் மறையாக்க முறை) அடிப்படையில் 443-ஆம் போர்ட்டுக்குப் போகும் விபிஎன்கள் பெரும்பாலும் சிரமமின்றி இணைந்துவிடும். ஓபன்விபிஎன் வழக்கமாக யூடிபி 1194-இல் ஓடுவது. அதை டிசிபிக்கு மாற்றினால் எச்டிடிபி ப்ராக்ஸி வழியே போகும், மாற்றாவிட்டால் போகாது. மைக்ரோசாஃப்டின் விபிஎன் முறையான எஸ்எஸ்டிபி 443-ஆம் போர்ட்டில் டிசிபியாகவே ஓடுவதால் ப்ராக்ஸியைக் கடக்கும். ஆனால் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் ப்ராக்ஸியை அதனால் கடக்க முடியாது. இன்னொரு விபிஎன் முறையான ஐபிசெக்கின் நிலை இதைவிடக் கடினம். அதன் தொடக்கப் பேச்சு யூடிபி 500-இலும், முகவரி மாற்றும் ரவுட்டர் நடுவே இருந்தால் யூடிபி 4500-இலும் நடக்கிறது. தரவுப் பொதிகளோ டிசிபியும் அல்லாத, யூடிபியும் அல்லாத 50-ஆம் எண் ஐபி நெறிமுறையில் போகக்கூடியவை. இவற்றுள் எதையும் வலை ப்ராக்ஸி அறியாது. 2020 மார்ச்சில் லினக்ஸ் கெர்னல் 5.6-உடன் சேர்ந்து வந்த வயர்கார்டு விபிஎன்னும் யூடிபி மட்டுமே பேசுவது. அதற்கும் இதே தடை உண்டு.

போர்ட் எண்ணையும் கவனிக்க வேண்டும். பரவலாகப் பயன்படும் ஸ்க்விட் ப்ராக்ஸி, நிறுவியவுடன் உள்ள அமைப்பில், 443 தவிர்த்த போர்ட்டுகளுக்கு கனெக்ட் கோரிக்கையை மறுத்துவிடும். விபிஎன் கேட்வே 8443 போன்ற வேறு போர்ட்டில் இருந்தால், ப்ராக்ஸியைப் பராமரிப்பவரிடம் சொல்லி அந்தப் போர்ட்டைத் திறக்கச் செய்வதைத் தவிர வேறு நேர்வழி இல்லை. யூடிபியையும் ஐபி பொதிகளையும் எச்டிடிபி ப்ராக்ஸி வழியே கடத்துவதற்கு 2022-இலும் 2023-இலும் புதிய தரநிலைகள் வெளிவந்துள்ளன. ஆனால் நம் அலுவலகங்களில் ஆண்டுக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கும் பழைய ப்ராக்ஸிகளிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

வந்திருப்பவர் ஒருநாள் விருந்தினர் என்றால் என் பரிந்துரை எளியது. ப்ராக்ஸியின் விதிகளைத் தளர்த்த வேண்டாம். அலுவலக உள்வலையோடு தொடர்பில்லாத ஒரு விருந்தினர் வைஃபையைப் பிரித்துக் கொடுங்கள். அது அவருக்கும் பாதுகாப்பு, உங்கள் கணக்குக் கணினிகளுக்கும் பாதுகாப்பு.

ப்ராக்ஸி வழியே இணைந்த விபிஎன் ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது?

இரண்டு காரணங்கள். பல டிஎல்எஸ் விபிஎன்கள் தொடக்கப் பேச்சை டிசிபியில் முடித்துவிட்டு, தரவை யூடிபி மேல் ஓடும் டிடிஎல்எஸ் தடத்துக்கு மாற்றிக்கொள்ளும். அதனால்தான் அவை விரைவாக இருக்கின்றன. ப்ராக்ஸி நடுவே வந்ததும் அந்தத் தடம் கிடைப்பதில்லை, எல்லாத் தரவும் டிசிபியிலேயே போகிறது.

அப்படிப் போகும்போது ஒரு டிசிபிக்குள் இன்னொரு டிசிபி ஓடுகிறது. வழியில் ஒரு பொதி தொலைந்தால் வெளியே உள்ள டிசிபி அதைத் திரும்ப அனுப்பக் காத்திருக்கிறது. அதற்குள் உள்ளே உள்ள டிசிபியும் பொறுமையிழந்து தன் பங்குக்குத் திரும்ப அனுப்புகிறது. நல்ல கம்பிவட இணைப்பில் இது தெரியாது. பொதிகள் அடிக்கடி தொலையும் கைப்பேசி இணைப்பில், சிறிய இழப்பும் பெரிய தேக்கமாகிவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் உப்புக்காற்றில் பச்சை பூத்த வலைவட முனைகள் உள்ள அலுவலகங்களிலும் இதே தேக்கத்தைக் காணலாம். விபிஎன்னைக் குறை சொல்லும் முன் வடத்தின் முனையைப் புதிதாக அடித்துப் பார்ப்பது வீணாகாது.

உலாவியில் எல்லாத் தளங்களும் திறக்கின்றன. விபிஎன் கிளையண்ட் மட்டும் 407 என்று காட்டி நின்றுவிடுகிறது. ஏன்?

407 என்பது ‘நீ யார் என்று முதலில் சொல்’ என்று ப்ராக்ஸி கேட்பது. உலாவியும் அதே கேள்வியைச் சந்திக்கிறது. ஆனால் விண்டோஸில் நீங்கள் ஏற்கெனவே நுழைந்திருக்கும் அடையாளத்தை கெர்பரோஸ் அல்லது என்டிஎல்எம் முறையில் ப்ராக்ஸிக்கு அது ஓசையின்றிக் கொடுத்துவிடுகிறது. விபிஎன் கிளையண்டுக்கு அந்த முறை தெரியாமல் இருக்கலாம். அல்லது தெரிந்தும் அது உங்கள் பெயரில் ஓடாமல் இருக்கலாம்.

இரண்டாவது காரணம் பலருக்குப் புலப்படுவதில்லை என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். விண்டோஸில் ப்ராக்ஸி அமைப்பு ஒரே இடத்தில் இல்லை. நீங்கள் அமைப்புகள் சாளரத்தில் பார்ப்பது உங்கள் பயனர் கணக்குக்கு உரியது; வின்ஐநெட் என்னும் நூலகத்தை நாடும் மென்பொருள்கள் அதைப் படிக்கின்றன. பின்னணியில் ஓடும் சேவைகள் பெரும்பாலும் வின்எச்டிடிபி என்னும் வேறொரு நூலகத்தைப் பயன்படுத்துகின்றன. அதற்குத் தனி அமைப்பு உண்டு. பல விபிஎன் கிளையண்டுகளின் முக்கியப் பகுதி, நீங்கள் கணினிக்குள் நுழைவதற்கு முன்பே சிஸ்டம் கணக்கில் எழுந்துவிடும் சேவையாகும். அதற்கு உங்கள் கணக்கில் எழுதிய ப்ராக்ஸியும் தெரியாது, உங்கள் கடவுச்சொல்லும் தெரியாது.

சோதிப்பது எளிது. கட்டளைச் சாளரத்தைத் திறந்து, நெட்ஷ் கருவியின் வின்எச்டிடிபி பிரிவில் ‘ஷோ ப்ராக்ஸி’ என்று கேளுங்கள். நேரடி அணுகல் என்று பதில் வந்து, உங்கள் கணக்கில் மட்டும் ப்ராக்ஸி எழுதப்பட்டிருந்தால் பழுது எங்கே என்று தெரிந்துவிடும். அதை மாற்ற நிர்வாகி உரிமை வேண்டும். விபிஎன் கேட்வேயின் முகவரிக்கு மட்டும் அடையாளம் கேட்காமல் விடுமாறு ப்ராக்ஸியில் ஒரு விதி எழுதுவதே நிறுவனத்துக்கு நிலையான தீர்வு. ஒவ்வொரு கணினியிலும் கடவுச்சொல்லை எழுதி வைப்பது தீர்வாகாது, அது புதிய ஆபத்து.

இணையும்போது ‘சான்றிதழ் நம்பத்தகுந்ததல்ல’ என்ற எச்சரிக்கை வருகிறது. ‘தொடர்க’ என்று அழுத்தலாமா?

அழுத்தக் கூடாது. முதலில் காரணத்தை அறிய வேண்டும்.

சாதாரண ப்ராக்ஸி, மூடி ஒட்டிய தெர்மாகோல் இறால் பெட்டியின் மேலுள்ள சீட்டை மட்டும் படித்துவிட்டு வண்டியில் ஏற்றுபவர் போன்றது. டிஎல்எஸ் ஆய்வு செய்யும் ப்ராக்ஸியோ பெட்டியைப் பிரித்துப் பார்த்து, மறுபடி மூடி, தன் நாடாவை ஒட்டி அனுப்புகிறது. அந்த நாடாதான் ப்ராக்ஸி உருவாக்கித் தரும் சான்றிதழ். நிறுவனக் கணினிகளில் அந்த ப்ராக்ஸியின் மூலச் சான்றிதழ் முன்பே நிறுவப்பட்டிருப்பதால் உலாவி குறை சொல்வதில்லை. விபிஎன் கிளையண்ட் அப்படி விட்டுக்கொடுக்காது. அது தன் கேட்வேயின் உண்மையான சான்றிதழைத்தான் எதிர்பார்க்கிறது. பல நிறுவனங்களில் கணினியும் தன் சான்றிதழைக் கேட்வேயிடம் காட்ட வேண்டும். நடுவில் ஒருவர் பிரித்து மூடினால் அந்த இருபக்கச் சரிபார்ப்பு நிச்சயமாக முறிந்துவிடும். எனவே டிஎல்எஸ் ஆய்விலிருந்து விபிஎன் கேட்வேயின் பெயரை விலக்கி வைக்கும்படி ப்ராக்ஸி நிர்வாகியிடம் கேட்க வேண்டும்.

கணினியின் கடிகாரத்தையும் ஒருமுறை பாருங்கள். தாய்ப்பலகையின் சிறு பேட்டரி தீர்ந்துபோன பழைய மேசைக்கணினி, மின்தடைக்குப் பின் பல ஆண்டுகள் பின்னோக்கிய தேதியுடன் எழுவது உண்டு. அந்தத் தேதியில் எந்தச் சான்றிதழும் செல்லாது. இவை இரண்டும் காரணமல்ல என்றால், குறிப்பாக விடுதி, பேருந்து நிலையம் போன்ற பொது வைஃபையில் எச்சரிக்கை வந்தால், யாரோ நடுவில் நிற்கிறார்கள் என்றே எடுத்துக்கொண்டு இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

அலுவலகத்தில் நன்றாக இருக்கும் மடிக்கணினி, கீழக்கரை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஒவ்வொரு பக்கத்தையும் திறக்க நெடுநேரம் எடுத்துக்கொள்கிறது. விபிஎன் இணைத்தால் சரியாகிவிடுகிறது. என்ன காரணம்?

பெரும்பாலும் பேக் (PAC) கோப்பு. எந்த முகவரிக்கு எந்த ப்ராக்ஸி, எதற்கு நேரடி வழி என்பதை ஜாவாஸ்கிரிப்டில் எழுதி ஒரு சர்வரில் வைக்கும் வழக்கத்தை நெட்ஸ்கேப் நிறுவனம் 1996-இல் தன் நேவிகேட்டர் 2.0 உலாவியுடன் கொண்டுவந்தது. இன்றும் பெரிய நிறுவனங்கள் அந்தக் கோப்பையே நம்பியிருக்கின்றன. கோப்பு நிறுவனத்தின் உள்வலையில் மட்டும் இருந்தால், வீட்டில் உலாவி அதைத் தேடி, பதில் வராமல் காத்திருந்து, பிறகுதான் நேரடி வழிக்கு வருகிறது. விபிஎன் எழுந்ததும் கோப்பு கிடைத்துவிடுவதால் தாமதம் மறைகிறது.

கோப்பு கிடைத்தாலும் தாமதம் வரலாம். அதனுள் பெயரை ஐபி முகவரியாக மாற்றிப் பார்க்கும் செயல்கள் இருந்தால், ஒவ்வொரு தளத்துக்கும் கணினியே டிஎன்எஸ் சர்வரிடம் கேட்க வேண்டியிருக்கும். ப்ராக்ஸி வழியே போகும்போது பெயரைத் தேடும் வேலை ப்ராக்ஸியுடையது, கணினியுடையது அல்ல. அந்த நன்மையை இத்தகைய கோப்பு கெடுத்துவிடுகிறது. கோப்பை எழுதுபவர்கள் முதல் வரியிலேயே விபிஎன் கேட்வேயின் பெயருக்கு நேரடி வழி என்று எழுதிவிட வேண்டும். அதை மறந்த கோப்பு, சுரங்கம் எழுந்த பிறகு கேட்வேக்கான போக்குவரத்தையே சுரங்கத்துக்குள் இருக்கும் ப்ராக்ஸியிடம் அனுப்பப் பார்க்கும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை இணைப்பு அறுந்து அறுந்து வரும்.

‘அமைப்புகளைத் தானாகக் கண்டறி’ என்ற விருப்பம் பற்றியும் ஒரு சொல். அது இருக்கும் இடத்தில் கணினிக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி சர்வரிடம் 252-ஆம் விருப்பத்தின் மூலமோ, டிஎன்எஸ்ஸில் டபிள்யூபேட் என்ற பெயரைத் தேடியோ பேக் கோப்பின் முகவரியைப் பெறுகிறது. முன்பின் அறியாத வைஃபையில் அந்தப் பதிலைத் தருபவர் யாராகவும் இருக்கலாம். நிறுவனம் அந்த முறையைப் பயன்படுத்தாவிட்டால் அதை அணைத்து வைப்பதே நல்லது.

விபிஎன் துண்டித்த பிறகு இணையமே வருவதில்லை. ‘ப்ராக்ஸி சர்வருடன் இணைய முடியவில்லை’ என்கிறது உலாவி.

மேலே சொன்ன மூன்றாம் கட்டத்தின் பழுது இது. கிளையண்டை முறையாகத் துண்டித்தால் பழைய ப்ராக்ஸி அமைப்பைத் திரும்ப எழுதிவிட்டுத்தான் அது ஓயும். மின்சாரம் போய், யூபிஎஸ்ஸும் தீர்ந்து, கணினி திடீரென அணைந்தால் அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. சுரங்கத்துக்குள் மட்டும் இருக்கும் ப்ராக்ஸியின் முகவரி கணினியிலேயே தங்கிவிடுகிறது. மடிக்கணினியை இணைப்போடு அப்படியே மூடிவைத்து, வேறொரு இடத்தில் திறப்பதாலும் இது நேரலாம்.

விபிஎன்னை மறுபடி இணைத்து, முறையாகத் துண்டியுங்கள். பெரும்பாலும் அதுவே போதும். இணைக்கவே முடியவில்லை என்றால், அமைப்புகள் சாளரத்தின் நெட்வொர்க் பகுதியில் ப்ராக்ஸி பக்கத்தைத் திறந்து, அங்கு எழுதப்பட்டிருப்பதைக் குறித்துக்கொண்டு, பிறகு அணையுங்கள். குறிக்காமல் அழிக்க வேண்டாம். ஃபயர்பாக்ஸில் தனி ப்ராக்ஸி அமைப்பு வைத்திருப்போர் அதையும் பார்க்க வேண்டும். துண்டித்த பின்னும் இணையத்தைத் திட்டமிட்டே அடைத்து வைக்கும்படி சில நிறுவனங்கள் கிளையண்டை அமைத்திருக்கும். அங்கே இது பழுதன்று, கொள்கை.

விபிஎன் இணைந்திருக்கும்போது ஜிஎஸ்டி, சுங்கத்துறைத் தளங்களில் டிஜிட்டல் கையொப்பம் இட முடியவில்லை. விபிஎன் தடுக்கிறதா?

சில நேரங்களில் விபிஎன் அல்ல, அதனுடன் வரும் ப்ராக்ஸி அமைப்பே தடுக்கிறது. கையொப்ப டோக்கனைக் கணினியில் செருகியதும், அதனோடு பேசும் சிறு மென்பொருள் உங்கள் கணினிக்குள்ளேயே 127.0.0.1 என்ற முகவரியில் காத்திருக்கிறது. தளம் திறந்திருக்கும் உலாவி அந்த முகவரியை அழைக்கிறது. விலக்குப் பட்டியலில் அது இல்லாவிட்டால், சில உலாவிகள் அந்த அழைப்பையும் ப்ராக்ஸிக்கு அனுப்பிவிடும், ப்ராக்ஸிக்கு 127.0.0.1 என்றால் ப்ராக்ஸியே. அங்கே உங்கள் டோக்கன் இல்லை. எனவே விலக்குப் பட்டியலில் 127.0.0.1-உம் லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயரும் இருக்க வேண்டும்.

இன்னொரு காரணமும் இருக்கலாம். எல்லாப் போக்குவரத்தையும் சுரங்கத்துக்குள் அனுப்பும் அமைப்பில், மண்டபத்தில் அமர்ந்திருக்கும் உங்கள் கோரிக்கை கேட்வே இருக்கும் நாட்டிலிருந்து புறப்பட்டதாகவே தளத்துக்குத் தெரியும். கேட்வே வெளிநாட்டில் இருந்தால், இந்திய முகவரிகளை மட்டும் ஏற்கும் வங்கித் தளமோ அரசுத் தளமோ மறுக்கக்கூடும். உள் சர்வர்களுக்கான போக்குவரத்தை மட்டும் சுரங்கத்துக்குள் விட்டு, மற்றவற்றை நேரே அனுப்பும் பிரிந்த சுரங்க அமைப்பு இதைத் தீர்க்கும். ஆனால் நேரே போகும் போக்குவரத்து நிறுவனத்தின் கண்காணிப்பிலிருந்து விலகிவிடுகிறது என்பதால் அதை முடிவு செய்ய வேண்டியவர் நிறுவனத்தின் பாதுகாப்புப் பொறுப்பாளர். பயனர் தாமாக மாற்றிக்கொள்ளக் கூடாது.

இராமேசுவரம் விடுதி வைஃபையில் விபிஎன் ‘இணைக்கிறது’ என்பதோடு நின்றுவிடுகிறது.

விடுதி வைஃபை, கைப்பேசி எண்ணும் கடவுஎண்ணும் கேட்கும் ஒரு நுழைவுப் பக்கத்தை முதலில் காட்ட விரும்புகிறது. கணினியில் நிறுவன ப்ராக்ஸி எழுதப்பட்டிருந்தால் அந்தப் பக்கம் வராது, ஏனெனில் உலாவி எட்டாத ப்ராக்ஸியை அழைத்துக்கொண்டிருக்கும். எப்போதும் இயங்கும் விபிஎன்னும் அந்தப் பக்கத்தை மறைத்துவிடலாம். பல கிளையண்டுகள் இதற்கென்று சில நிமிட இடைவெளி தருகின்றன. அதற்குள் நுழைவுப் பக்கத்தை முடித்துவிட வேண்டும். முடியாவிட்டால் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டே நேர்வழி.

கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இணைக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கைப்பேசியில் விபிஎன் ஓடிக்கொண்டிருப்பதால் மடிக்கணினிக்கும் அது கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஹாட்ஸ்பாட் போக்குவரத்து வழக்கமாகக் கைப்பேசியின் விபிஎன்னுக்கு வெளியே போகிறது. மடிக்கணினியின் கிளையண்டைத் தனியே இணைக்க வேண்டும்.

இந்தியக் கைப்பேசி வலைகளில் ஐபி ஆறாம் பதிப்பு முகவரிகள் பரவலாகிவிட்டன. நான்காம் பதிப்பை மட்டும் சுரங்கத்துக்குள் எடுத்துச் செல்லும் பழைய விபிஎன் அமைப்பில், ஆறாம் பதிப்பில் கிடைக்கும் தளங்களுக்கான போக்குவரத்து சுரங்கத்தைச் சுற்றிக்கொண்டு வெளியே போய்விடும். அதை நிறுவனத்திடம் சொல்லிச் சரிசெய்ய வேண்டும். தனுஷ்கோடிப் பக்கம் பணி நிமித்தம் செல்வோர், கைப்பேசி இலங்கைக் கோபுரத்தைப் பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். ரோமிங் தரவு அணைக்கப்பட்டிருக்கும் எண்ணில் இணையமே நின்றுவிடும். கிளையண்டை எத்தனை முறை அழுத்தியும் பயனில்லை. கைப்பேசி அமைப்பில் வலைப்பின்னலைக் கையால் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

அலுவலக விபிஎன் பயன்படுத்துவது சட்டப்படி சரியா? எங்கள் விவரங்கள் பதிவாகின்றனவா?

சரியே. 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான ‘சிஇஆர்டி-இன்’ (CERT-In), விபிஎன் சேவை விற்போர் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என ஆணையிட்டது. நிறுவனங்கள் தம் பணியாளர்களுக்காக நடத்தும் விபிஎன்னுக்கு அந்தப் பகுதி பொருந்தாது என்று அடுத்த மாதமே விளக்கமும் அளித்தது. அதே ஆணை, நிறுவனங்கள் தம் கணினி அமைப்புகளின் பதிவேடுகளை 180 நாட்களுக்கு வைத்திருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. ஆகவே ப்ராக்ஸியும் கேட்வேயும் எழுதும் பதிவுகள் இருக்கும் என்றே கொள்ளுங்கள்; நிறுவன மடிக்கணினியில் சொந்த விஷயங்களைச் செய்யாமல் இருப்பது நல்லது. ஐக்கிய அரபு அமீரகம் செல்வோர் கவனத்துக்கு: அங்கே குற்றம் செய்வதற்காக முகவரியை மறைப்பது தண்டனைக்குரியது, நிறுவனங்கள் தம் உள்வேலைக்கு விபிஎன் பயன்படுத்துவதற்குத் தடையில்லை.

ப்ராக்ஸி தடுக்கும் தளத்தைப் பார்க்க, இலவச விபிஎன் ஒன்றை அலுவலகக் கணினியில் நிறுவலாமா?

வேண்டாம். இரண்டு கிளையண்டுகள் ஒரே வழித்தட அட்டவணையை மாற்ற முயன்றால் அலுவலக விபிஎன் அறுந்துகொண்டே இருக்கும். அதைவிட முக்கியமாக, உங்கள் நிறுவனத்தின் விலைப்பட்டியல்களும் வாங்குநர் விவரங்களும் உள்ள கணினியின் போக்குவரத்தை, யாரென்றே தெரியாத ஒருவரின் சர்வருக்கு ஒப்படைக்கிறீர்கள். தளம் வேலைக்குத் தேவை என்றால் திறந்து தருமாறு எழுத்தில் கேளுங்கள்.

தொழில்நுட்ப உதவிப் பிரிவுக்கு அழைக்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

‘விபிஎன் வேலை செய்யவில்லை’ என்ற ஒற்றை வரி அவர்களுக்கு உதவாது. எந்தக் கட்டத்தில் நின்றது என்று சொல்லுங்கள்: கேட்வேயை எட்டவே இல்லையா, கடவுச்சொல் கேட்டபின் நின்றதா, இணைந்த பிறகு உள் தளங்கள் மட்டும் திறக்கவில்லையா, துண்டித்த பிறகு இணையம் போய்விட்டதா. அதே நேரத்தில் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இணைகிறதா என்று சோதித்து அந்த முடிவையும் சொன்னால், பழுது இருக்கும் இடத்தின் வலைப்பின்னலிலா கணினியிலா என்பது அவர்களுக்கு உடனே விளங்கிவிடும். பிழை எண்ணைப் படமெடுத்து அனுப்புங்கள். 407-க்கும் 403-க்கும் தீர்வு வேறு. முதலாவது அடையாளம் கேட்பது, இரண்டாவது அடையாளம் தெரிந்தும் மறுப்பது. பெயரைக் கொடுத்தால் வராத உள் சர்வர், ஐபி முகவரியைக் கொடுத்தால் வருகிறது என்றால், அதையும் சொல்லுங்கள்: அப்போது பார்க்க வேண்டியது ப்ராக்ஸியை அல்ல, சுரங்கம் எழுந்தபோது கணினிக்குக் கிடைத்த டிஎன்எஸ் சர்வரை.